செல்லும் வழியும் மீளும் வழியும்

உடலுக்கு உணவு எங்ஙனம் இன்றியமையாததோ, அங்ஙனமே உழைப்பவனுக்கு ஓய்வும் இன்றியமையாதது. சிற்றூரில் வாழ்பவன் ஓய்விடத்தைத் தேடி அலைய வேண்டுவதில்லை. வீட்டுத் திண்ணையும், ஏரிக்கரையும், ஊர்ப் பொதுவில் நிற்கும் ஆலமரத்தின் நிழலும் அவனுக்கு அண்மையிலேயே உள. நகரத்தில் வாழ்பவன் நிலை வேறு. ஓர் அறையிலே ஐவரும் அறுவருமாக உறையும் குடும்பத்திற்குத் திறந்த வானத்தைக் காண்பதும், தடையின்றி வீசும் காற்றை நுகர்வதும் அரிய பேறுகள் ஆகிவிடுகின்றன. ஆதலின் பூங்காவும், கடற்கரையும், விலங்குக்காட்சிச் சாலையும் நகரத்திற்கு வெறும் அணிகலன்கள் அல்ல. இல்லத்திற்கு முற்றம் எத்தகையதோ, நகரத்திற்கு அவை அத்தகையன.

இவற்றை அமைப்பதைப் பற்றிப் பலரும் பேசுவர். எத்தனை மரம் நடுவது, எவ்விடத்தில் நீரூற்று வைப்பது, எவ்வளவு பொருள் செலவிடுவது என்பன பற்றி எத்துணையோ செய்திகள் நாளிதழ்களில் வருகின்றன. ஆனால் மக்கள் அங்கே எங்ஙனம் சென்று சேர்வர், எங்ஙனம் வீடு திரும்புவர் என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. ஒரு பொதுவிடம் யாவர்க்கும் உரியது என்று சட்டம் கூறலாம். அதன் வாயிற்கதவும் யாவர்க்கும் திறந்திருக்கலாம். எனினும் அதனை உண்மையில் துய்ப்பவர் யார் என்பதை அறுதியிடுவது அங்கே செல்லும் வழியே ஆகும். கார் வைத்திருப்பவர்க்கு மட்டும் வழி எளிதாயின், அவ்விடமும் நாளடைவில் அவர்க்கே உரியதாய் முடியும். இவ்வுண்மையைச் சென்னை மாநகரின் கடற்கரையையும் விலங்குக்காட்சிச் சாலையையும் முதன்மையான சான்றுகளாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பொழுதுபோக்கின் பொருட்டு மேற்கொள்ளும் பயணம், அலுவலின் பொருட்டு மேற்கொள்ளும் பயணத்தினின்றும் நான்கு வகையில் வேறுபட்டது. முதலாவது, அதன் காலம். அலுவலகங்கள் மூடிய பின்னரே பூங்காக்கள் நிரம்பும்; வேலை நாளில் வெறிச்சோடிக் கிடக்கும் இடம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் திருவிழாக்கோலம் கொள்ளும். இரண்டாவது, செல்வோரின் இயல்பு. அலுவலகத்திற்குச் செல்பவன் தோற்பை ஒன்றுடன் தனியே செல்கின்றான். கடற்கரைக்குச் செல்வதோ குடும்பம். பாட்டியும், கைக்குழந்தையும், தூக்குச்சட்டியும், பந்தும், பாயும் உடன் செல்கின்றன. இளைஞன் இரண்டிரண்டாகத் தாவி ஏறும் படிக்கட்டு, முழங்கால் வலியுடைய மூதாட்டிக்கு மலையாகத் தோன்றும்.

மூன்றாவது, கட்டாயமின்மை. எத்துணைத் தொல்லை நேரினும் அலுவலகத்திற்குச் சென்றே தீரவேண்டும். கடற்கரைக்குச் செல்ல அத்தகைய கட்டாயம் யாதும் இல்லை. பஸ் வராதெனின், அல்லது வந்தும் நில்லாதெனின், ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம்’ என்று குடும்பம் வீட்டிலேயே தங்கிவிடும். அவ்வடுத்த வாரம் பெரும்பாலும் வருவதேயில்லை. வந்தோரை எண்ணிக் ‘கூட்டத்திற்குக் குறைவில்லை’ என்று மகிழும் அதிகாரி, வராதோரை எண்ணுவதில்லை. வராதோர் எந்தக் கணக்கேட்டிலும் இடம் பெறுவதில்லை ஆதலின், அவர்தம் குறையும் எவர் செவிக்கும் எட்டுவதில்லை.

நான்காவது வேறுபாடே மிகப் பெரியது. அது மீட்சியைப் பற்றியது. மக்கள் பொழுதுபோக்கிடத்திற்கு வரும்போது சிறிது சிறிதாக வருகின்றனர். மூன்று மணிக்குச் சிலர், நான்கு மணிக்குச் சிலர், வெயில் தாழ்ந்தபின் பலர். மீளும்போதோ அனைவரும் ஒருங்கே எழுகின்றனர். இருள் சூழ்ந்தாலும், மழைத்துளி விழுந்தாலும், காட்சி முடிந்தாலும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வீட்டு நினைவு வந்துவிடுகின்றது. ஆகவே செல்லும் வழிக்குப் போதுமான ஏற்பாடு, மீளும் வழிக்குப் போதுமானதாக இராது. திட்டமிடுவோர் பலர் இடறி விழுவது இவ்விடத்திலேதான்.

இனி, எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு விடுமுறை நாளில் 1,00,000 பேர் ஓரிடத்திற்குச் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அனைவரும் காருக்கு நால்வராகச் சென்றால் 25,000 கார்கள் வேண்டும். ஒரு கார் நிற்பதற்கும், அது உள்ளே புகுந்து வெளியேறுவதற்கும் ஏறத்தாழ 25 சதுர மீட்டர் நிலம் வேண்டும் எனக் கொண்டால், மொத்தம் 6,25,000 சதுர மீட்டர் ஆகின்றது. அஃதாவது, 6 கிலோமீட்டர் நீளமும் 100 மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் உடைய நிலப்பரப்பு. மெரினாவின் நீளமும் ஏறக்குறைய 6 கிலோமீட்டரே. எனவே கடலைக் காண வந்தோரின் கார்களை நிறுத்துவதற்கே கடற்கரையை ஒட்டி மற்றொரு கடற்கரை வேண்டியதாகும்!

அவை வெளியேறும் நேரத்தையும் கணக்கிடுவோம். சாலையில் ஒரு வரிசை வழியே மணிக்கு 1,000 கார்கள் தடையின்றிச் செல்லும் எனவும், வெளியேறுவதற்கு மூன்று வரிசைகள் உள எனவும் கொண்டால், கடைசிக் கார் வெளியேற எட்டு மணி நேரத்திற்கு மேலாகும். அந்த ஒரு இலட்சம் பேரையே பஸ்ஸுக்கு 50 பேராக ஏற்றினால் 2,000 நடைகளிலும், தொடர்வண்டிக்கு 1,000 பேராக ஏற்றினால் 100 நடைகளிலும் வீடு சேர்க்கலாம். இது கார் வைத்திருப்போர் மீது கொண்ட பகையால் கூறுவதன்று. இடத்தின் அளவு கூறும் தீர்ப்பு. தனி வண்டி சிலருக்கு வசதி. அனைவரும் அதனையே நாடினால் எவர்க்கும் வசதியில்லை.

நிற்க. சென்னையின் கடற்கரைக்கு வருவோம். ஆளுநர் கிராண்ட் டஃப் என்பவர் 1884-இல் கடலோரமாக உலாவும் பாதையை அமைத்து, அதற்கு மெரினா எனப் பெயரிட்டார். துறைமுகம் கட்டப்பட்டபின் அதன் தெற்கே மணல் மேன்மேலும் குவிந்து, இன்று நாம் காணும் அகன்ற மணற்பரப்பு உண்டாயிற்று. நகரத்தினுள்ளே 1895 முதல் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடின. 1953-இல் அவை நின்றுபோயின. 1931-இல் கடற்கரை நிலையத்தினின்றும் தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. அக்காலத்தில் இந்தியாவில் மின்சார இரயிலைக் கண்ட ஊர்கள் மிகச் சில.

இங்கே வேடிக்கை ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து வரும் அன்பர் சிலர் ‘கடற்கரை’ என்னும் பெயரைக் கண்டு, மெரினாவைக் காணும் ஆவலுடன் அந்நிலையத்தில் இறங்குவர். அங்கே அவர் காண்பது அலையன்று. துறைமுகத்தின் மதிலும் சரக்கு வண்டிகளுமே. மெரினா அதற்குத் தெற்கே தொலைவில் உளது. பெயரளவில் கடற்கரைக்குச் சென்ற இரயில், மெரினாவின் அண்மையை எய்துவதற்கு மேலும் அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 1995-இல் தான் பறக்கும் இரயில் எனப்படும் உயர்மட்ட இரயில் கடற்கரை நிலையத்தினின்றும் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிற்று. 1997-இல் அது மயிலாப்பூரையும், 2007-இல் வேளச்சேரியையும் எட்டிற்று. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்னும் மூன்று நிலையங்களும் மெரினாவினின்றும் நடக்கும் தொலைவில் உள்ளவை.

இரயில் வந்துவிட்டது; ஆயினும் எதிர்பார்த்த அளவு மக்கள் பல்லாண்டுகள் வரை அதில் ஏறவில்லை. காரணம் யாது? வழி முழுவதும் அமைந்தது. அதன் இரு நுனிகளும் அமையவில்லை. உயர்ந்த கட்டடங்களாக எழுந்த நிலையங்களின் நீண்ட படிகளும், ஆளரவமற்ற கூடங்களும், மங்கிய விளக்குகளும், இருட்டிய பின் பெண்கள் தனியே செல்ல அஞ்சும் சூழலும் மக்களைத் தயங்கச் செய்தன. இறங்கிய இடத்திலிருந்து பஸ் பிடிப்பதும் எளிதன்று. பத்து மைல் தொலைவை இரயில் கடத்திவிடும். ஆனால் எஞ்சிய அரை மைலே ஒரு குடும்பத்தின் முடிவைத் தீர்மானிக்கும். ஆற்றின் நடுவே பாலம் கட்டிவிட்டு இரு கரைகளிலும் ஏறுவதற்கு வழி வையாதவன் செய்கையை இஃது ஒக்கும்.

மீளும் வழியைப் பற்றி முன்னர்க் கூறியதன் கொடிய சான்றினை அம் மெரினாவே நமக்குக் காட்டிற்று. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இந்திய வான்படையின் 92-ஆம் ஆண்டு நிறைவையொட்டி மெரினாவில் விமான சாகசக் காட்சி நிகழ்ந்தது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடினர் என்று செய்தித்தாள்கள் கூறின. முற்பகல் 11 மணிக்குத் தொடங்கிய காட்சி பிற்பகல் 1 மணியளவில் முடிந்தது. உச்சி வெயிலில் அனைவரும் ஒருங்கே எழுந்தனர். சாலைகள் அடைபட்டன, இரயில் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை. நான்காவது இருப்புப்பாதை அமைக்கும் பணியின் பொருட்டு, பறக்கும் இரயிலின் வடபகுதி 2023 ஆகஸ்டு முதலே நிறுத்தப்பட்டிருந்தது; அது மீண்டும் ஓடத் தொடங்கியது அம் மாத இறுதியிலேதான். வெப்பத்தினாலும் நீரின்மையாலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மயங்கினர். ஐவர் உயிர் நீத்தனர். விடுமுறை நாளில் மகிழ்ச்சியை நாடி வீட்டினின்றும் புறப்பட்டோர் அவர்.

இத்துயரம் கற்பிக்கும் பாடம் யாது? இன்னும் சில இரயில்களை விட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று கூறுவது போதாது. ஒரு வண்டிக்கு 2,000 பேராக, பத்து நிமிடத்திற்கு ஒரு வண்டியாக, இரு திசைகளிலும் ஓட்டினாலும் மணிக்கு 24,000 பேரையே ஏற்றிச் செல்லலாம். பத்து இலட்சம் பேரை அவ்வாறு அனுப்ப நாற்பது மணி நேரத்திற்கு மேலாகும். ஆகவே இத்தகைய பெருங்கூட்டத்தில் வண்டிகளைப் பெருக்குவதோடு, கூட்டத்தைக் காலத்தாலும் இடத்தாலும் பரப்பி வைத்தலும் வேண்டும். காட்சி முடிந்தபின் ஒரு பகுதியினர் அமர்ந்திருக்கத் தக்க நிழலும், குடிநீரும், கழிப்பிடமும், சிறிது இசையும் இருப்பின், அனைவரும் ஒரே நேரத்தில் வாயிலை நெருக்கார். பல நிலையங்களுக்கும் பல வழிகளாக மக்களைப் பிரித்து நடத்தலும் வேண்டும். வெயில் தணிந்த வேளையில் நிகழ்ச்சியை வைத்தலும் போக்குவரத்துத் திட்டத்தின் ஒரு கூறே ஆகும்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். திருவிழாவிற்குத் திரளும் மக்களுக்காக வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் வைத்தனர். நெடுஞ்சாலைகளில் சாவடி கட்டினர். இருபுறமும் மரம் வைத்தனர். தலைச்சுமையை இறக்கி ஏற்றுவதற்குச் சுமைதாங்கிக் கல் நட்டனர். வழி என்பது மண்ணும் கல்லும் மட்டுமன்று, நடப்பவனுக்கு வேண்டிய நிழலும் நீரும் அதனுள் அடங்கும் என்பதே அவர் கொள்கை. சுமைதாங்கிக் கல்லை நாம் இன்று காட்சிப்பொருளாக்கிவிட்டோம்; அதன் கருத்தையும் உடன் புதைத்துவிட்டோம்.

அடுத்து, விலங்குக்காட்சிச் சாலையை நோக்குவோம். 1855-இல் தொடங்கிய சென்னை விலங்குக்காட்சிச் சாலை, நெடுங்காலம் சென்ட்ரல் நிலையத்தருகே இருந்த மக்கள் பூங்காவில் விளங்கிற்று. இரயிலை விட்டு இறங்கியோர் நடந்தே சென்று அதனைக் காணலாயினர். ஆனால் நெருக்கமான கூண்டுகளில் விலங்குகள் வருந்தின. ஆகவே நகரத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வண்டலூர்க் காட்டிற்கு அது மாற்றப்பட்டு, 1985-இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்னும் பெயரால் திறக்கப்பட்டது. அதன் பரப்பு 602 ஹெக்டேர். விலங்குகளுக்கு இது விடுதலை. இம்மாற்றம் வேண்டத்தக்கதே என்பதில் ஐயமில்லை.

எனினும், வடசென்னையிலுள்ள ஒரு கூலித் தொழிலாளியின் மக்கள் புலியைக் காண்பதற்கு முன்பு நடையே போதுமானதாயிருந்தது; இப்பொழுது ஒரு நாட்பயணம் வேண்டியதாயிற்று. வண்டலூருக்கு மின்சார இரயில் உண்டு, பஸ்ஸும் உண்டு. 2023 டிசம்பர் 30-ஆம் நாள் அண்மையிலுள்ள கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையமும் திறக்கப்பட்டது. ஆகவே தொலைவு பெரிய தடையன்று. நிலையத்திலிருந்து வாயில் வரையும், வாயிலிலிருந்து கூடுகள் வரையும் குழந்தைகளுடன் நடக்க வேண்டிய நடையே களைப்பூட்டுவது. பூங்காவினுள் மின்கலத்தால் ஓடும் வண்டிகளையும் வாடகைச் சைக்கிள்களையும் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. புகையும் இரைச்சலும் விலங்குகளைத் துன்புறுத்தாமல் முதியோரும் சிறாரும் எங்கும் சென்று காண முடிகின்றது. அவ்வேற்பாட்டினை வாயிலுக்கு வெளியே, இரயில் நிலையம் வரை நீட்டி எண்ணிப் பாருங்கள். முழுவழி யாதென்பது விளங்கும்.

வழியே ஓரிடத்தின் உரிமையாளரைத் தீர்மானிக்கும் என்று தொடக்கத்தில் கூறினோம். ஒரே நகரத்து மக்களுக்கென அமைந்த இரு கடற்கரைகளை ஒப்பு நோக்கினால் இது ஐயமற விளங்கும். அந்நகரம் அமெரிக்காவிலுள்ள நியூயார்க். அதன் தென்கோடியில் உள்ள கோனி தீவிற்கு நகர இரயில் நேரே சென்றது. 1920-இல் ஐந்து சென்ட் கட்டணத்திலேயே நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் அங்கே செல்லலாம் என்றாயிற்று. தையற்கூடத்துப் பெண்களும், துறைமுகத் தொழிலாளரும், புதிதாய்க் குடிபுகுந்த ஏழைகளும் வெள்ளமெனத் திரண்டனர். 1923-இல் கடலோரமாக மரப்பலகை நடைபாதை ஒன்றும் அவர்களுக்கென அமைந்தது.

மற்றொன்று ஜோன்ஸ் கடற்கரை. இராபர்ட் மோசஸ் என்னும் பேராற்றல் வாய்ந்த அதிகாரி அதனை உருவாக்கி, 1929 ஆகஸ்டில் திறந்து வைத்தார். வெண்மணலும், எழிலார்ந்த நீராடு மண்டபங்களும், தூய்மையும் காண்போரை வியக்கச் செய்தன. ஆனால் அங்கே இரயில் இல்லை. அதற்கென அமைத்த சோலைச் சாலைகளில் கார்களுக்கே இடம்; பஸ்களுக்கும் சுமைவண்டிகளுக்கும் அனுமதி இல்லை. அச்சாலைகளின் குறுக்கே கட்டப்பட்ட பாலங்களும் தாழ்வானவை. ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் விலக்கவே பாலங்களைத் தாழக் கட்டினார் என்று இராபர்ட் கேரோ என்பார் 1974-இல் வெளியிட்ட மோசஸின் வரலாற்று நூலில் குற்றஞ்சாட்டினார். பஸ்கள் செல்லப் பிற சாலைகள் இருந்தன என்றும், உட்கருத்து அதுவன்று என்றும் பின்வந்த அறிஞர் சிலர் மறுத்துள்ளனர். உட்கருத்து எதுவாயினும் ஆகுக. ஒன்று மட்டும் தெளிவு: காரில்லாதவனுக்குக் கோனி தீவு கைக்கெட்டியது, ஜோன்ஸ் கடற்கரை எளிதில் எட்டவில்லை. வாயிலில் ‘இன்னார் வரலாகாது’ என்னும் பலகை தொங்கவிட வேண்டுவதில்லை, வழியே அப்பலகையாகிவிடும்.

இதற்கு மாறான நல்ல சான்று சுவிட்சர்லாந்தில் உளது. சூரிக் நகரத்தை அடுத்து நிற்பது யூட்லிபெர்க் என்னும் குன்று. 1875-இல், கார் என்பது பிறவாத காலத்திலேயே, நகரத்தினின்றும் அதன் உச்சிக்கு அண்மை வரை இரயில் அமைத்தனர். 1990-இல் அந்த இரயில் நகரின் தலைமை நிலையம் வரை நீட்டப்பட்டது. குன்றின் உச்சியில் கார்களின் நெருக்கம் இல்லை. வேலை முடிந்து வருபவன், நாள்தோறும் ஏறும் நிலையத்திலேயே வண்டி ஏறி, அரைமணி நேரத்திற்குள் மரங்களிடையே நிற்கலாம். பொழுதுபோக்கிடத்து இரயில் தனியொரு விளையாட்டுப் பொருளாக நில்லாமல், நகரத்தின் அன்றாடப் போக்குவரத்தோடு பின்னிக் கிடப்பதே அதன் வெற்றிக்குக் காரணம்.

இவற்றினின்றும் நாம் பெறும் கொள்கைகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, இடத்தையும் வழியையும் ஒருங்கே தேர்தல் வேண்டும். நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் பூங்காவை அமைத்துவிட்டுப் பின்னர்ப் பஸ்ஸுக்கு அலைவது, கிணறு இல்லாத இடத்தில் வீட்டைக் கட்டிவிட்டு நீருக்கு அலைவதை ஒக்கும்.

இரண்டாவது, நடையே எல்லாப் பயணங்களுக்கும் தொடக்கமும் முடிவும் ஆகும். இரயிலில் வருபவனும், பஸ்ஸில் வருபவனும், காரில் வருபவனும் இறுதியில் நடந்தே மணலை மிதிக்கின்றனர். ஆதலின் நிலையத்திலிருந்து வாயில் வரை நிழலும், விளக்கும், சமமான தரையும், குடிநீரும் வேண்டும். 2022 நவம்பரில் மெரினாவில் ஏறத்தாழ 260 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை ஒன்று அலையை நோக்கி அமைக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் வாழ்வோர் சிலர் அதன்மூலம் கடலை அருகே கண்டனர். அடுத்த மாதமே புயலால் அது சிதைந்தது, மீண்டும் சீர்செய்யப்பட்டது. நகரத்தில் பிறந்து வளர்ந்தும் கடலலையைத் தொட்டறியாத ஒருவர்க்கு, அந்த 260 மீட்டர் ஒரு பெரிய இரயில் பாதைக்குச் சமமன்றோ!

மூன்றாவது, விடுமுறை நாளுக்கெனத் தனிக் கால அட்டவணை வேண்டும். அலுவலகக் கூட்டம் இல்லை என்று கருதி ஞாயிற்றுக்கிழமைகளில் இரயில்களைக் குறைத்து ஓட்டும் வழக்கம் சென்னையில் உண்டு. பணிமனைகளில் வண்டிகள் சும்மா நிற்க, கடற்கரையில் மக்கள் வண்டிக்குக் காத்து நிற்கின்றனர். அலுவலக நெருக்கடிக்கென வாங்கிய வண்டிகள் அலுவலகம் இல்லாத நாளில் பூங்காக்களுக்கு ஓடலாம். புதிய வண்டிகளை வாங்க வேண்டுவதில்லை. ஓட்டுநர்க்கும் நடத்துநர்க்கும் விடுமுறை நாள் உழைப்பிற்கு ஏற்ற ஊதியமும், பின்னர் ஓய்வும் அளித்தல் மட்டும் முறையாகும். பிறர் ஓய்வு அவர் உழைப்பினால் விளைவது என்பதை மறத்தல் கூடாது.

நான்காவது, கட்டணத்தைக் குடும்பத்தின் அளவில் எண்ணுதல் வேண்டும். தனியொருவனுக்குச் சிறிதாகத் தோன்றும் கட்டணம், ஆறு பேருக்குச் சென்று மீளும் கணக்கில் பன்னிரு மடங்காகும். தமிழ்நாட்டில் 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மகளிர்க்குக் கட்டணம் நீக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் பெண்டிர்க்கு அது பேருதவி என்று பலரும் கூறினர். ஞாயிற்றுக்கிழமை தன் பெண்மக்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்பும் தாய்க்கும் அது கதவைத் திறந்தது என்பதையும் சேர்த்துக் கொள்ளல் வேண்டும்.

ஐந்தாவது, கார்களை அறவே விலக்க வேண்டுவதில்லை. அளவு செய்தல் வேண்டும். முதியோர், நோயுற்றோர், உடற்குறை உடையோர் ஆகியோரின் வண்டிகளுக்கு வாயிலருகே இடம் ஒதுக்குக. ஏனையோர் நிறுத்துவதற்குத் தக்க கட்டணம் வாங்குக. அப்பொருளை நடைபாதைக்கும் பஸ்ஸுக்கும் செலவிடுக. நிறுத்துமிடத்தை மேலும் மேலும் பெருக்குதல் மேலும் மேலும் கார்களை அழைப்பதாகவே முடியும்.

ஆறாவது, தொலைவிலுள்ள பெரிய பூங்காவையே நம்பியிராமல், அண்மையில் சிறியவற்றையும் அமைத்தல் வேண்டும். பயணங்களுள் சிறந்தது குறுகிய பயணமே. தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரத்தார் 1974-இல் தொடங்கிய வழக்கம் ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளில் மோட்டார் வண்டிகளை நிறுத்தி, நடப்போர்க்கும் சைக்கிள் ஓட்டுவோர்க்கும் விட்டுவிடுகின்றனர். மக்கள் பூங்காவைத் தேடிச் செல்லாமல், தெருவே அவர் வாயிற்படிக்கு வந்த பூங்காவாகின்றது.

இங்ஙனம் அமையும் போக்குவரத்தையே ‘நீடித்து நிற்கத்தக்கது’ என்று அறிஞர் கூறுவர். இச்சொல்லைக் கேட்டவுடன் புகையில்லா வண்டி ஒன்றையே பலர் நினைக்கின்றனர். புகையின்மை அதன் ஒரு பகுதியே. ஓரிடத்தைத் துய்ப்போர் அதனை அழித்துவிடாமல், தமக்குப் பின் வருவோர்க்கும் விட்டுச் செல்லுதலே அதன் முழுப்பொருள். சென்னையின் கரைக்கு, ஆண்டின் தொடக்க மாதங்களில், பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. முட்டையினின்றும் வெளிவரும் குஞ்சுகள் ஒளியை நோக்கி ஊர்வன. கரையோரச் சாலைகளின் விளக்கொளி அவற்றை ஏமாற்றிக் கடலுக்கு மாறான திசையில் இழுக்கின்றது. 1988 முதல் மாணவர் குழு ஒன்று அக்கரையில் இரவில் நடந்து, முட்டைகளைக் காத்து வருகின்றது. கடற்கரை நமக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காலால் நடந்து உணர்ந்தோர் அவர். எத்துணை வண்டிகள் கரையை நெருங்கலாம், எவ்விடத்தில் ஒளி குறைதல் வேண்டும் என்பனவும் போக்குவரத்துத் திட்டத்தினுள் அடங்கும்.

இவையெல்லாம் அரசினரும் பொறியாளரும் செய்ய வேண்டுவன. மாணவராகிய நாம் செய்யக் கிடப்பது யாது என்று சிலர் வினவலாம். மிகப் பெரிய பணி ஒன்று உண்டு. வராதோரைக் கணக்கிடுவார் எவரும் இல்லை என்று மேலே கூறினோம். அக்கணக்கை மாணவர் எடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் ஊரிலுள்ள பூங்காவின் வாயிலில் நால்வர் நின்று, வருவோரை வணங்கி மூன்று வினாக்கள் கேட்கட்டும்: எவ்வூரிலிருந்து வந்தீர், எதில் வந்தீர், எங்ஙனம் மீள்வீர்? மற்றும் நால்வர், எவரும் வந்ததாகத் தெரியாத ஒரு பேட்டைக்குச் சென்று, ஏன் வரவில்லை என்று கேட்கட்டும். காரில் வரும் முன்னைய மாணவர்கள், ஒரு முறையேனும் பாட்டியுடனும் குழந்தையுடனும் பஸ்ஸில் சென்று வரட்டும். இவ்வாறு திரட்டிய செய்திகளை நகராட்சியினர் முன் வைத்தால், அவற்றை எளிதில் தள்ள முடியாது.

பொழுதுபோக்கு என்னும் சொல் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஆறு நாள் உழைத்த ஒருவன் ஏழாம் நாள் தன் குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு அலையின் முன் நிற்பதும், இருட்டுமுன் களைப்பின்றி வீடு திரும்புவதும் சிறிய செய்திகள் அல்ல. அவன் சென்ற வழி நன்றாயிருந்தால் அக்கடல் அவனுடையது. மீளும் வழியும் நன்றாயிருந்தால், அவன் அடுத்த வாரமும் வருவான்.